கோவில் புதுப்பிக்கப் போகிறீர்களா? டைல்ஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபையில்) கோவிலைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்திருக்கிறதா? அப்படியானால் இந்நேரம் இரண்டு கட்சிகள் உருவாகியிருக்கும். ஒரு கட்சி, "பழைய பீடத்தைத் தொடக்கூடாது, கிராதியை (பீடத்துக்கு முன்னால் மண்டியிடும் தடுப்பை) திரும்பக் கொண்டுவர வேண்டும், நன்மையை (நற்கருணை அப்பத்தை) முழந்தாளிட்டு நாவில்தான் வாங்க வேண்டும்" என்று சொல்லும். மற்ற கட்சி, "காலம் மாறிப்போச்சு, பிள்ளைகள் கோவிலுக்கு வரணும்னா எல்இடி ஸ்க்ரீன் போடுங்க, டிரம்ஸ் வையுங்க" என்று சொல்லும்.

நான் கட்டட வரைபடம் போடுகிற ஆள். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சின்னப் பங்குகளுக்குக் கோவில் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் பங்கில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்பேன். இரண்டு கட்சிக்காரர்களோடும் டீ குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயபக்தியைக் கெடுப்பது பெரும்பாலும் புதுமை இல்லை, அலட்சியம்தான். அலறும் மைக், பிளாஸ்டிக் பூ, வாசக மேடையில் தொங்கும் பிறந்தநாள் பலூன். இதற்கு லத்தீன் பூசை மருந்தும் இல்லை, கிடார் காரணமும் இல்லை.

முதல் வேலையாக, கொத்தனாரையோ எஞ்சினியரையோ கூப்பிடாமல், கோவிலுக்குள் போய்ச் சும்மா உட்காருங்கள். விடியற்காலைப் பூசைக்கு ஒரு தடவை, ஆளில்லாத மத்தியானத்தில் ஒரு தடவை, கூட்டம் நிறைந்த ஞாயிறு ஒரு தடவை. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கண் முதலில் எதில் போய் நிற்கிறது? வெயில் எந்த ஜன்னல் வழியாக எங்கே விழுகிறது? பாட்டிமார் எந்த இடத்தில் மண்டியிடுகிறார்கள், எதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்? அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளைச் சாந்து தெரிகிறதென்றால், ஊரின் ஜெபம் அங்கே நடக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, "சுத்தமாக இருக்கிறது பாருங்கள்" என்று பெருமைப்பட்ட ஒரு பங்கைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஜனங்கள் கண்ணாடியைத் தடவுகிறார்கள்.

அப்புறம் பங்குத்தந்தையிடம் கேட்டுத் திருப்பலிப் புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கும் பொது விதிமுறைகளை வாங்கிப் படியுங்கள். ஐந்தாவது அதிகாரம் முழுக்கக் கோவில் அமைப்பைப் பற்றியதுதான். பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும், ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் அதிலும் அதற்கு அடிப்படையான சங்க ஏட்டிலும் அதிர்ச்சி காத்திருக்கிறது. "வத்திக்கான் சங்கம் பழசையெல்லாம் ஒழிக்கச் சொன்னது" என்பவர்கள், 1960களில் உலக ஆயர்கள் கூடிய அந்தச் சங்கத்திலிருந்து 1963 டிசம்பர் 4ஆம் தேதி வந்த திருவழிபாடு பற்றிய ஏட்டைத் திறந்தால், லத்தீன் மொழியைப் பாதுகாக்கவும் கிரகோரியன் இசைக்கு (பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டுக்கு) முதலிடம் தரவும் அது சொல்வதைக் காண்பார்கள். "சங்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்பவர்கள், எந்தக் கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியது என்று கொண்டதில்லை என்ற வரியை அதே ஏட்டில் பார்ப்பார்கள். கோதிக் கூம்பு வைத்தால்தான் கத்தோலிக்கக் கோவில் என்று எங்கேயும் எழுதியில்லை. ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகைத் தேடுங்கள் என்பதுதான் அதன் பேச்சு. தங்க நிற பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, பீடத்துக்கு வருவோம்.

பழைய கோவில்களில் சுவரோடு ஒட்டிய உயரமான பீடம் இருக்கும். மாடங்கள், சுரூபங்கள், நடுவில் நற்கருணைப் பேழை (நற்கருணை அப்பம் வைக்கும் பெட்டி). மக்களைப் பார்த்துப் பூசை வைக்கத் தொடங்கியதும் பல ஊர்களில் இதற்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டார்கள். சில ஊர்களில் பழையதை இடித்தே விட்டார்கள். இடிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பீடம் சுவரிலிருந்து விலகி, குரு சுற்றி வரும்படி இருக்க வேண்டும் என்கிறது. பழைய பீடத்தை நகர்த்தினால் அதன் கலைமதிப்பு கெடும் என்றால், அதை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் நிலையான புதுப் பீடம் ஒன்றைக் கலைநயத்தோடு கட்டச் சொல்கிறது. அப்படிக் கட்டிய பிறகு பழையதைத் தனியாக அலங்கரிக்கக் கூடாது, புதுப் பீடத்திலிருந்து கண் திரும்பிவிடும் என்பதால். சீரியல் லைட் மாட்டும் பங்கு இளைஞர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

புதுப் பீடத்துக்குக் கல் நல்லது. நம் ஊர்ச் சாம்பல் நிறக் கருங்கல்லே போதும், கண்ணாடி போலப் பளபளக்க வேண்டியதில்லை. சமையலறை மேடைக்குப் போடும் புள்ளிக் கிரானைட்டை மட்டும் போடாதீர்கள். மூன்றே கால் அடி உயரம் வையுங்கள், குட்டையாக இருந்தால் குரு குனிந்து குனிந்து முதுகு ஒடியும். பின்னால் நான்கு அடியாவது இடம் விடுங்கள். படிகள் ஆறு அங்குலத்துக்கு மேல் உயர வேண்டாம், வாசகம் வாசிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் சேலை கட்டியவர்கள், மீதிப்பேர் மூட்டுவலிக்காரர்கள்.

பீடத்தின் மேல் என்ன இருக்கலாம் என்பதும் எழுதியே இருக்கிறது: பூசைக்கு வேண்டியது மட்டும். மைக்கும் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு உங்கள் பீடத்தை எட்டிப் பாருங்கள். கழுத்து நீண்ட மைக் இரண்டு, அதன் வயரை மறைக்கப் போட்ட ஜரிகைத் துணி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், அறிவிப்புச் சீட்டு, கொரோனாக் காலத்தில் வந்து அப்படியே தங்கிவிட்ட சானிடைசர், பிளாஸ்டிக் தொட்டியில் பிளாஸ்டிக் ரோஜா. இதையெல்லாம் அள்ளி ஒரு கூடையில் போட்டு சக்ரீஸ்து அறையில் (குரு பூசை உடை மாற்றும் அறையில்) வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பைசாச் செலவில்லாத புதுப்பிப்பு அது. பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தால் தண்ணீர் பாட்டிலும் கண்ணாடிக் கூடும் அங்கே குடியேறிவிடும்.

பூக்களைப் பீடத்தின் மேல் வைக்காமல் அதைச் சுற்றி, அளவாக வைக்க வேண்டும். தவக்காலத்தில் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்பு நாட்களில்) பூவே கிடையாது. 4ஆம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் மட்டும் விலக்கு. இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், பாஸ்காத் திருவிழிப்பில் (உயிர்ப்பு விழா இரவு வழிபாட்டில்) மல்லிகை வாசம் வரும்போது பிள்ளைகளுக்குக்கூட வித்தியாசம் புரியும். வருஷம் முழுக்க அதே பிளாஸ்டிக் ரோஜா இருந்தால் உயிர்ப்பு எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்?

நற்கருணைப் பேழையை எங்கே வைப்பது என்பதில்தான் கூட்டம் சூடாகும். மேன்மையான, எல்லார் கண்ணிலும் படுகிற, ஜெபிக்க ஏற்ற இடமாக இருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும், உள்ளே தெரியாத உறுதியான பொருளால் செய்திருக்க வேண்டும். பூசை வைக்கும் பீடத்தின் மேலேயே இல்லாமல் இருப்பது நல்லது. பழைய பீடத்திலேயே இருக்கலாம், அல்லது கோவிலோடு இணைந்த தனிச் சிற்றாலயத்தில் இருக்கலாம். என் அனுபவத்தில், கிராமப் பங்குகளில் பழைய பீடத்தின் நடுவிலேயே விட்டுவிடுவதுதான் சரி. பேழையைத் தேடி ஜனங்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கோவிலில், யாரும் எங்கேயும் மண்டியிடுவதில்லை.

அதன் பக்கத்தில் விளக்கு. எண்ணெய் அல்லது மெழுகு என்கிறது விதி. நாம் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்டு வைத்திருக்கிறோம், கரண்ட் போனால் அதுவும் இல்லை. திரியைத் தூண்டி எண்ணெய் ஊற்ற அன்பியங்களுக்கு (பங்கின் சிறு குடும்பக் குழுக்களுக்கு) முறை வைத்துவிடுங்கள். தினமும் ஒருவர் அதற்காகவே கோவிலுக்குள் வருவார், வந்தவர் ஐந்து நிமிஷம் உட்காருவார். இதைவிட மலிவான பக்தி முயற்சி எனக்குத் தெரியாது.

கிராதி கேட்கிறவர்களிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும். மண்டியிட்டு நன்மை வாங்கும் ஆசை நல்ல ஆசைதான். நின்று வாங்குகிறார், முழந்தாளிட்டு வாங்குகிறார் என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் நன்மையை மறுக்கக்கூடாது என்று 2004இல் உரோமை வெளியிட்ட அறிவுரை தெளிவாகச் சொல்கிறது. நாவில் வாங்கும் உரிமையும் எப்போதும் உண்டு. ஆனால் நம் ஊரில் கோவிலுக்குள் தடுப்பு என்றால் அதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவிலில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனிக் கூடங்கள். சாதிக்கு ஒன்று, நடுவே சுவர். அந்தச் சுவரை இடித்தது 1910இல். அதனால் எந்தத் தடுப்பையும் "பாரம்பரியம்" என்ற ஒரு சொல்லோடு அனுமதித்துவிடாதீர்கள். முன்னால் யார் உட்காருவார், பின்னால் யார் நிற்பார் என்பது வரைபடத்தில் இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். முழங்கால் வைக்க மெத்தை போட்ட நீளப் பலகை இரண்டு, நன்மை கொடுக்கும் இடத்தில் வைத்தால் போதும். விரும்புகிறவர் மண்டியிடட்டும், மற்றவர் நிற்கட்டும்.

தரை விஷயத்தில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேல்நாட்டில் செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தால் அது சும்மா சகஜமாக இருப்பது. இங்கே அதுதான் மரியாதை. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை அனுமதித்த 12 அம்சங்களில் இதுவும் உண்டு: செருப்பைக் கழற்றுதல், தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி. இதற்கெல்லாம் முன்னால் நின்று உழைத்தவர் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நடத்திய நம் தமிழ்க் குரு அமலோற்பவதாஸ். ஆரத்தியைக் கண்டு முகம் சுளிக்கும் கட்சிக்காரர்கள், ஏசி அரங்கில் சாய்வு நாற்காலி போட்ட கோவிலைக் கண்டு சுளிப்பதில்லை, எனக்கு அது புரிவதேயில்லை. எல்லா இடத்தையும் பெஞ்சால் நிரப்பாதீர்கள். முன்பக்கம் மூன்றிலொரு பங்கைப் பாய் விரிக்கக் காலியாக விடுங்கள். குழந்தைகள் பீடத்தைப் பார்ப்பார்கள், முன்னால் இருப்பவர் முதுகைப் பார்க்க மாட்டார்கள். முட்டி மடங்காதவர்களுக்குப் பக்கவாட்டில் பெஞ்ச். ஈரக்காலில் வழுக்காத தரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சத்தம். இதில் நான் கொஞ்சம் விரிவாகப் பேசுவேன், ஏனென்றால் புதுப்பித்த கோவில்களில் பக்தி செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

கோவிலின் நடுவில் நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். எதிரொலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் அடங்கினால் பிரசங்கம் தெளிவாகக் கேட்கும். மூன்று விநாடி இழுத்தால் ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் வந்து மோதும். (கூட்டம் நிறைந்தால் மனித உடலே சத்தத்தை உறிஞ்சும், அதனால் காலிக் கோவிலில் கேட்பதைவிட ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மேலாக இருக்கும்.) பழைய கோவிலில் சுண்ணாம்புப் பூச்சு, மரக்கூரை, திறந்த ஜன்னல் இருந்தன. அதை உரித்துவிட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு டைல்ஸ், தரையில் கிரானைட், மேலே வெறும் கான்கிரீட், ஜன்னலில் கண்ணாடி என்று போட்டால், பாத்ரூமுக்குள் நின்று பாடுவது போலத்தான் இருக்கும். அப்புறம் "கேட்கவில்லை" என்று மைக்கைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்டக் குழப்பம் கூடும்.

எனவே சுவரில் டைல்ஸ் ஏற்றாதீர்கள். பின்சுவரை, இடைவெளி விட்டு அடுக்கும் செங்கல் ஜாலிச் சுவராகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள், காற்றும் வரும், சத்தமும் வெளியேறும். பீடத்தின் இரு பக்கமும் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்துப் பின்சுவரை நோக்கி அலறவிடுவதற்குப் பதில், ஒல்லியான ஸ்பீக்கர்களைத் தூணுக்குத் தூண் மாட்டி, ஆட்கள் காதை நோக்கிச் சாய்த்து, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதற்கு மேல் தாமதித்து வரும் குரலைக் காது இரண்டாவது குரலாகக் கேட்கும். நீளமான கோவிலில் பின்வரிசை ஸ்பீக்கருக்கு அந்த அளவு 'டிலே' (தாமதம்) வைக்க வேண்டும். சவுண்ட் செட்காரரிடம் டிலே பற்றிக் கேளுங்கள். அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பாடகர் குழுவுக்கு இடம் ஒதுக்கும்போது, அவர்களும் ஜெபிக்க வந்த கூட்டத்தில் ஒரு பகுதி என்பது தெரிய வேண்டும். பீடத்துக்குப் பக்கத்தில் மேடை கட்டிக் கலர் லைட் போட்டால் அது கச்சேரி. பக்கவாட்டில், மக்களோடு சேர்ந்த இடத்தில், பீடத்தைப் பார்த்தபடி நிற்கட்டும். கீபோர்டு இருக்கட்டும், தபேலா இருக்கட்டும், பறைகூட இருக்கட்டும். கீபோர்டு தானாகத் தட்டும் ஆட்டோ ரிதம் மட்டும் வேண்டாம். மனிதன் மூச்சு விட நிற்கும் இடத்தில் இயந்திரம் நிற்காது. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான், தனி வாசிப்பு இல்லை, பூவுக்குச் சொன்ன அதே விலக்குகளோடு. எங்கள் குழுவில் அந்த நாற்பது நாளும் ரிதம் பொத்தானுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறோம், கைப்பழக்கம் விடாது பாருங்கள்.

எல்இடி ஸ்க்ரீன் தவிர்க்க முடியாத அளவுக்கு அன்பளிப்பாளர் பிடிவாதமாக இருந்தால், பீடத்துக்குப் பின்னால் மாட்டாதீர்கள். ஒரு கோவிலில் பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் இயேசு சுரூபத்துக்கு) முன்னால் திரை இறங்கி, அதில் அருவியும் கிளியும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கச் சுவரில் மாட்டுங்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, பாட்டு முடிந்ததும் அணைக்க வேண்டும். பூசையின் மையமான நற்கருணை மன்றாட்டு முழுக்க அது இருட்டாக இருக்கட்டும். இதைவிடப் பாட்டுப் புத்தகம் அச்சடித்தால் செலவு குறைவு, கரண்ட் போனாலும் பாடலாம்.

வெளிச்சத்தில் குளிர் வெள்ளை டியூப் லைட்டைத் தவிருங்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்று டப்பாவில் போட்டிருக்கும் மஞ்சள் சாயலுள்ள விளக்கு வாங்குங்கள். பீடம், வாசக மேடை, பேழை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச்.

புதுசாகவே கட்டுகிறவர்கள், டிசைன் முடிவு செய்யும் முன் ஒரு நாள் திருவனந்தபுரம் ஸ்ரீகார்யம் போய், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய லயோலா சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பூசாத செங்கல், ஜாலி வழியாக வரும் வெளிச்சம். பளபளப்பு எதுவும் இல்லை, ஆனால் உள்ளே போனதும் குரல் தானாகத் தாழும். திரும்பி வந்து சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தையும் பாருங்கள். 1894இல் எழுந்த கோதிக் பாணிக் கோவில், சுடுமண் வேலைப்பாடுகளோடு. இரண்டிலும் பொருளும் கைவேலையும் பொய் சொல்லவில்லை. கான்கிரீட் தூணுக்குப் பளிங்கு போலப் பெயிண்ட் அடிக்கும் நம் வழக்கம்தான் இரண்டிலும் சேராது.

கட்டடம் தயாரானாலும் நடத்தை பழையபடி இருந்தால் பயனில்லை. வாசக மேடை அசையாத, கனமான ஒன்றாக இருக்கட்டும். அங்கிருந்து இறைவார்த்தை, பதிலுரைப் பாடல், மறையுரை, மன்றாட்டு மட்டும். விளக்கம் சொல்பவரும் வரி பாக்கி அறிவிப்பவரும் வேறு மைக்குக்குப் போக வேண்டும். பூசைக்குப் பத்து நிமிஷம் முன் 'ஹலோ, மைக் டெஸ்ட்' நின்றுவிட வேண்டும். கோவிலிலும் சக்ரீஸ்து அறையிலும் அந்த நேரத்துக்கு மௌனம் காப்பது நல்லது என்று விதியே சொல்கிறது. திருமண வீடியோக்காரர் பீடத்துப் படியேறக் கூடாது என்று, மணவோலை எழுதும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பூசை நேரத்தில் அவரோடு சண்டை போடுவது அவர் ஏறுவதைவிட அசிங்கம்.

வேலையைத் தொடங்கும் முன் மறைமாவட்டத் திருவழிபாட்டு ஆணைக்குழுவிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். கேட்காமல் செய்துவிட்டு ஆயர் பீடத்தை அபிஷேகம் செய்ய வரும்போது மாற்றச் சொன்னால் கல்லை யார் தூக்குவது? திருவிழாக் கொடியேற்றத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தேதி குறிக்காதீர்கள். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் வேண்டும், அதற்கு முன் கல் பீடத்தை ஏற்றாதீர்கள். வேலை நடக்கும் மாதங்களில் நற்கருணைக்குத் தூசி இல்லாத, பூட்டுள்ள ஓர் அறையை முதலிலேயே தயார் செய்யுங்கள். பழைய பீடத்தில் எதையாவது கழற்ற வேண்டியிருந்தால், கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் சாக்பீஸால் எண் போட்டு, பங்கு வீட்டு மாடியில் அடுக்கிப் பூட்டி, சாவியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுங்கள். காண்ட்ராக்டரிடம் அல்ல.